ஐடியூன்ஸுக்கு வெளியே: ஐபாடும் மாற்று மென்பொருள்களும்

ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகம் செய்த ஐபாட், தனித்து இயங்கும் கருவி அல்ல. பாட்டைக் கேட்க ஐபாட் போதும். ஆனால் பாட்டை ஏற்றவும் நீக்கவும் வரிசைப்படுத்தவும் கணினியில் ஐடியூன்ஸ் என்ற மென்பொருள் இருந்தாக வேண்டும். கம்பியைச் செருகினால் கணினியில் உள்ள பாட்டுத் தொகுப்பு அப்படியே ஐபாடுக்கு வந்து சேரும். ஐபாட் பெற்ற வெற்றியில் இந்த எளிமைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் விண்டோஸ் வைத்திருந்தவர்கள், லினக்ஸ் பயன்படுத்தியவர்கள், வீட்டில் ஒன்றும் அலுவலகத்தில் ஒன்றுமாக இரண்டு கணினிகளில் வேலை பார்த்தவர்கள், கணினி பழுதாகி ஐபாடில் மட்டும் பாட்டுகள் மிஞ்சியவர்கள் ஆகியோருக்கு அந்த ஏற்பாடு போதவில்லை. இவர்களுடைய தேவையிலிருந்துதான் மாற்று மென்பொருள்கள் பிறந்தன. காசு கொடுத்து வாங்கிய கருவியில் எதை, எந்தக் கணினியிலிருந்து ஏற்றுவது என்பதை முடிவு செய்யும் உரிமை யாருடையது என்ற கேள்வி அவற்றின் வரலாறு முழுவதும் தொடர்ந்து எழுந்தது.

ஐபாடுக்கு முன்

கையடக்க எம்பி3 பிளேயர்கள் 1998இல் கடைக்கு வந்தன. தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற கருவியை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் ரியோ பிஎம்பி300 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரியோவின் நினைவகம் 32 மெகாபைட். வழக்கமான தரத்தில் சுமார் அரை மணி நேரப் பாட்டுதான் அதில் கொள்ளும். எனவே கேட்பவர் அடிக்கடி பழைய பாட்டுகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்ற வேண்டியிருந்தது. கணினியில் அச்சுப்பொறியை இணைக்கும் பேரலல் போர்ட் வழியாகத்தான் பாட்டுகள் சென்றன. அதற்கான மென்பொருளைத் தயாரிப்பாளரே விண்டோஸுக்குக் கொடுத்தார். லினக்ஸில் வேலை செய்தவர்கள் தங்களுக்கு வேண்டிய நிரலைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1998 அக்டோபரில் ரியோவின் விற்பனையைத் தடுக்க வழக்குத் தொடுத்தது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஜூனில் டயமண்ட் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒருவர் தன்னிடம் உள்ள பாட்டைத் தன் கணினியிலிருந்து தன் கையடக்கக் கருவிக்கு மாற்றிக்கொள்வது வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாடு என்று நீதிமன்றம் கண்டது. பின்னாளில் வந்த ஒவ்வொரு பிளேயரும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் விற்பனையானது.

கணினியும் பிளேயரும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதில் அப்போதே இரண்டு வழிகள் தோன்றின. ரியோவும், 2000இல் 6 ஜிகாபைட் வன்தட்டுடன் வந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் நோமட் ஜூக்பாக்ஸும் தங்களுக்கே உரிய மொழியில் கணினியோடு பேசின. அந்த மொழி தெரிந்த மென்பொருளால் மட்டுமே பாட்டை ஏற்ற முடியும். பிரான்ஸின் ஆர்க்காஸ் நிறுவனம் அதே காலத்தில் வெளியிட்ட ஜூக்பாக்ஸ் 6000, கணினிக்குச் சாதாரண வெளித் தட்டாகத் தெரிந்தது. கோப்புறையைத் திறந்து பாட்டை இழுத்துப் போட்டால் போதும். பாட்டை ஏற்றத் தனி இசைமென்பொருள் வேண்டாம். ஐபாட் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றைத் தேர்ந்தது. அதன் விளைவுகளே பிந்தைய இருபது ஆண்டுக் கதை.

ஒரு கோப்பின் உள்ளே

ஐடியூன்ஸின் முன்னோடி சவுண்ட்ஜாம் எம்பி என்ற மேக் மென்பொருள். ஜெஃப் ராபினும் பில் கின்கெய்டும் உருவாக்கிய அதை ஆப்பிள் 2000இல் வாங்கி, மாற்றியமைத்து, 2001 ஜனவரி 9 அன்று ஐடியூன்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. பத்து மாதம் கழித்து வந்த ஐபாடில் 5 ஜிகாபைட் கொண்ட 1.8 அங்குல வன்தட்டு இருந்தது. ஃபயர்வயர் கம்பியால் மேக் கணினியோடு மட்டுமே அதை இணைக்க முடிந்தது.

கணினிக்கு ஐபாடும் ஒரு வெளித் தட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தத் தட்டில் எம்பி3 கோப்பை நகலெடுத்துப் போட்டால் ஐபாட் அதைப் பாடாது. மறைக்கப்பட்ட ஒரு கோப்புறைக்குள் மியூசிக் என்றொரு கோப்புறையும், அதற்குள் F00, F01, F02 என்று எண்ணிட்ட பல கோப்புறைகளும் இருந்தன. பாட்டுக் கோப்புகள் இவற்றில் சிதறிக் கிடந்தன. பிற்காலத்தில் அவற்றின் பெயர்கூட நான்கு எழுத்துகள் கொண்ட பொருளற்ற சரமாக மாறியது. எந்தக் கோப்பு எந்தப் பாட்டு, பாடியவர் யார், எந்த ஆல்பம், எந்தப் பட்டியலில் எத்தனையாவது என்ற விவரமெல்லாம் ஐடியூன்ஸ்டிபி என்ற ஒரே கோப்பில் இருந்தது. அட்டவணையில் பதியாத நூல் அலமாரியில் இருந்தும் வாசகருக்குக் கிடைக்காத நூலகம் போல, இந்தக் கோப்பில் பதியாத பாட்டு ஐபாடின் திரையில் தோன்றாது.

ஆப்பிள் இந்தக் கோப்பின் அமைப்பை வெளியிடவில்லை. ஆனால் தொடக்கத்தில் அதற்குப் பூட்டும் போடவில்லை. கோப்பை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தவர்கள் அதன் கட்டமைப்பைப் படிப்படியாகப் புரிந்துகொண்டார்கள். கோப்பு mhbd என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் mhit என்ற துண்டு, பாட்டின் பெயர், பாடகர் பெயர் போன்ற சொற்களுக்கு mhod என்ற துண்டு, பட்டியலுக்கு mhyp. ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தைத் தானே சொல்லும். தேதிகள் 1904 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாகக் குறிக்கப்பட்டன. கோப்பு இருக்கும் பாதையைக் குறிக்க, கோப்புறைகளுக்கு நடுவே சாய்வுக்கோட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி இருந்தது. இரண்டும் பழைய மேக் கணினியின் வழக்கங்கள். ஒரு பாட்டுக்குக் கொடுத்த நட்சத்திரங்களின் எண்ணிக்கையை 20ஆல் பெருக்கி எழுதினார்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் 100. எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டார் என்பதை ஐபாட் தனியாக வேறொரு சிறு கோப்பில் குறித்துவைக்கும். அடுத்த முறை இணைக்கும்போது ஐடியூன்ஸ் அதைப் படித்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இந்த ஒரு கோப்பைச் சரியாக எழுதத் தெரிந்த எந்த நிரலும் ஐடியூன்ஸின் வேலையைச் செய்துவிடலாம். மாற்று மென்பொருள்கள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

விண்டோஸ் பயனர்களின் தேவை

ஐபாட் வந்தபோது உலகின் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்கின. அவற்றுக்கு ஐடியூன்ஸ் கிடையாது. ஆப்பிள் வழி காட்டும் முன்பே இருவேறு தீர்வுகள் வந்துவிட்டன. எஃப்பாட் என்ற இலவச நிரல் ஒன்று. மீடியாஃபோர் நிறுவனம் விற்ற எக்ஸ்பிளே மற்றொன்று. அன்றைய ஐபாடின் வன்தட்டு மேக் கணினிக்குரிய எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் வடிவமைக்கப்பட்டிருந்ததால், விண்டோஸால் அந்தத் தட்டைத் திறக்கவே முடியாது. எனவே எஃப்பாட் பயன்படுத்த விரும்பியவர், மேக் தட்டைப் படிக்க உதவும் இன்னொரு மென்பொருளையும் நிறுவ வேண்டியிருந்தது. அன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் ஃபயர்வயர் இணைப்பும் இல்லை. அதற்கான அட்டையைத் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள். இத்தனை சிரமத்தையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு ஐபாடின் மேல் விருப்பம் இருந்தது.

2002 ஜூலையில் ஆப்பிள் இரண்டாம் தலைமுறை ஐபாடை அறிவித்தபோது விண்டோஸுக்கான ஐபாடும் அறிவிக்கப்பட்டது. அதன் தட்டு விண்டோஸ் படிக்கக்கூடிய ஃபேட்32 முறையில் இருந்தது. ஆனால் அதோடு வந்த மென்பொருள் ஐடியூன்ஸ் அல்ல. மியூசிக்மேட்ச் ஜூக்பாக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு. ஐடியூன்ஸ் அல்லாத மென்பொருளோடும் ஐபாட் நன்றாக இயங்கும் என்பதற்கு ஆப்பிளே தந்த சான்று இது. விண்டோஸுக்கான ஐடியூன்ஸ் 2003 அக்டோபர் 16 அன்றுதான் வந்தது. அது வந்த பிறகு பெரும்பாலோர் அதற்கு மாறினார்கள். மாறாதவர்களுக்குத் தனிக் காரணங்கள் இருந்தன.

லினக்ஸும் பொது நூலகமும்

ஆப்பிள் ஒருபோதும் லினக்ஸுக்கு ஐடியூன்ஸ் வெளியிட்டதில்லை. எனவே லினக்ஸ் பயனர்களுக்கு மாற்று மென்பொருள் ஒன்றே வழி. குனுபாட் என்ற பெர்ல் நிரல்தொகுப்பு கட்டளை வரியிலிருந்து பாட்டுகளை ஏற்றியது. யோர்க் ஷூலர் தொடங்கிய ஜிடிகேபாட், சாளரமும் பொத்தான்களும் கொண்ட நிரலாக வளர்ந்தது. கட்டற்ற மென்பொருள்கள் என்பதால் இவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம்.

ஒவ்வொரு நிரலாளரும் ஐடியூன்ஸ்டிபியின் இரகசியத்தைத் தனித்தனியே துப்புத்துலக்குவது வீண் உழைப்பு. ஜிடிகேபாடிலிருந்து அந்தப் பகுதி மட்டும் 2005இல் பிரிக்கப்பட்டு லிப்ஜிபாட் என்ற தனி நூலகமானது. வேறு நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தத்தக்க நிரல்தொகுப்பே இங்கு நூலகம் எனப்படுகிறது. ரிதம்பாக்ஸ், அமராக் முதலிய லினக்ஸ் இசைமென்பொருள்கள் அதன்வழி ஐபாடோடு பேசத் தொடங்கின. ஒருவர் கண்டுபிடித்த திருத்தம் எல்லா நிரல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பல தனி நிரல்கள் மறைந்துபோன பின்னும் இந்த நூலகம் தொடர்ந்து பயன்பட்டதற்கு இதுவே காரணம்.

ஐடியூன்ஸ் இருந்தும் மாறியவர்கள்

ஐடியூன்ஸின் ஒத்திசைவு ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து ஐபாடுக்குப் பாட்டு போகும். ஐபாடிலிருந்து கணினிக்குத் திரும்பாது. ஐபாடின் உறையிலேயே பாட்டைத் திருடாதீர்கள் என்று நான்கு மொழிகளில் அச்சிட்டிருந்த நிறுவனம், ஒருவர் ஐபாடிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் பாட்டு பரவுவதைத் தடுக்க விரும்பியது. தானியங்கு ஒத்திசைவில் ஐபாட் ஒரு கணினியின் தொகுப்போடு மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கும். வேறு கணினியில் செருகினால், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு இந்தத் தொகுப்பை ஏற்றலாமா என்று ஐடியூன்ஸ் கேட்கும்.

கணினியின் வன்தட்டு பழுதானவருக்கு இந்தக் கேள்வி எவ்வளவு கலக்கம் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பல ஆண்டுகள் குறுந்தகடுகளிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிச் சேர்த்த தொகுப்பின் ஒரே நகல் கையில் இருக்கும் ஐபாடில்தான் இருக்கிறது. தயாரிப்பாளரின் மென்பொருளோ அதை அழிக்க அனுமதி கேட்கிறது. மேக் கணினிக்கு வந்த செனூட்டி, விண்டோஸுக்கு வந்த ஷேர்பாட், காப்பிடிரான்ஸ் போன்ற நிரல்கள் இந்தத் தேவையை நிறைவு செய்தன. ஐடியூன்ஸ்டிபியைப் படித்து, நான்கெழுத்துப் பெயரில் கிடந்த கோப்புகளுக்கு உரிய பெயரை மீட்டு, கணினிக்கு நகலெடுத்துக் கொடுத்தன. ஆப்பிள் 2006 செப்டம்பரில் வெளியிட்ட ஐடியூன்ஸ் 7, தன் கடையில் வாங்கிய பாட்டுகளை மட்டும் ஐபாடிலிருந்து கணினிக்குத் திருப்ப அனுமதித்தது. சொந்தக் குறுந்தகட்டிலிருந்து எடுத்த பாட்டுகளுக்கு மாற்று மென்பொருளே துணை.

வேறு சிலருக்குப் பழகிய இசைமென்பொருளை விட மனமில்லை. வினாம்ப் பல ஆண்டுகளாக விண்டோஸில் எம்பி3 கேட்பவர்களின் முதல் தேர்வாக இருந்தது. அதற்கு ஐபாட் இணைப்பு நிரல் ஒன்றை ஆர்வலர்கள் எழுதினார்கள். பிறகு வினாம்பிலேயே அந்த வசதி சேர்ந்தது. ஃபூபார்2000 பயன்படுத்தியவர்களுக்கு ஃபூ_டாப் என்ற துணைநிரல் கிடைத்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளின் பெயர், ஆண்டு, வகை விவரங்களைத் திருத்தி ஒழுங்காக வைத்திருக்க விரும்பியவர்கள் மீடியாமங்கியைத் தேர்ந்தார்கள். ஃப்ளூலா, யாமிபாட் இரண்டும் மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் இயங்கின. அவற்றை நிறுவ வேண்டியதில்லை. ஐபாடின் தட்டிலேயே நிரலை வைத்துக்கொண்டு, போகும் இடத்தில் எந்தக் கணினியிலும் திறந்துகொள்ளலாம். நிர்வாகி அனுமதி இல்லாத அலுவலக, கல்லூரிக் கணினிகளில் இது பெரிய வசதி.

கோப்பு வடிவமும் ஒரு காரணம். ஐபாட் எம்பி3, ஏஏசி, வேவ் போன்ற வடிவங்களைப் பாடியது. ஆக், ஃபிளாக் வடிவங்களைப் பாடவில்லை. கட்டற்ற வடிவங்களில் தொகுப்பு வைத்திருந்தவர்களுக்கு, ஐபாடுக்கு அனுப்பும்போதே வடிவத்தை மாற்றித் தரும் மென்பொருள் தேவைப்பட்டது. ஃபூபார்2000உம் அமராக்கும் அந்த வேலையைச் செய்தன.

2005 ஜனவரியில் வந்த ஐபாட் ஷஃபிளுக்குத் திரையே இல்லை. அதன் பாட்டுப் பட்டியல் ஐடியூன்ஸ்எஸ்டி என்ற எளிய கோப்பில் இருந்தது. சிறு தலைப்பு ஒன்று, பிறகு பாட்டு ஒன்றுக்கு 558 பைட் வீதம் அடுக்கிய பதிவுகள். அவ்வளவே அதன் அமைப்பு. ரீபில்ட்_டிபி என்ற சிறு நிரல் ஷஃபிளின் தட்டிலேயே உட்கார்ந்திருக்கும். பாட்டுகளை இழுத்துப் போட்டுவிட்டு அந்த நிரலை ஒருமுறை ஓட்டினால் பட்டியல் தயாராகிவிடும். ஆர்க்காஸ் தந்திருந்த எளிமையை ஐபாடுக்குக் கொண்டுவந்த நிரல் அது.

கடையும் பூட்டும்

ஆப்பிள் 2003 ஏப்ரல் 28 அன்று இணைய இசைக்கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். தொடக்கத்தில் 2 லட்சம் பாட்டுகள். இசை நிறுவனங்களின் நிபந்தனைப்படி, விற்ற பாட்டுகளில் ஃபேர்பிளே என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. அந்தப் பூட்டைத் திறக்க ஐடியூன்ஸாலும் ஐபாடாலும் மட்டுமே முடியும். மாற்று மென்பொருளால் அத்தகைய பாட்டை ஐபாடுக்கு அனுப்ப முடிந்தாலும் கணினியில் பாட வைக்க முடியாது. கடையில் அதிகம் வாங்கியவர் ஐடியூன்ஸை விட்டு விலகுவது கடினமானது.

ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் 2004 ஜூலையில் ஹார்மனி என்ற நுட்பத்தை அறிவித்தது. தன் கடையில் விற்ற பாட்டை ஐபாட் ஏற்கும் வடிவத்தில் மாற்றித் தருவதே அதன் வேலை. ஆப்பிள் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஆண்டின் இறுதியில், புதிய ஐபாட்களின் உள்மென்பொருள் ஹார்மனி பாட்டுகளைப் பாட மறுத்தது. ஐபாட் வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு ஒன்று பத்தாண்டு நடந்து, 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஜூரியின் முன் வந்தது. போட்டிக் கடைகளின் பாட்டைத் தடுத்ததாகச் சொல்லப்பட்ட, ஐடியூன்ஸ் 7இல் செய்த மாற்றங்கள் உண்மையான மேம்பாடே என்று ஜூரி முடிவு செய்ய, ஆப்பிள் வென்றது.

பூட்டின் காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் வெளியிட்ட கடிதத்தில், இசை நிறுவனங்கள் அனுமதித்தால் பூட்டில்லாத பாட்டை விற்கத் தயார் என்று எழுதினார். இஎம்ஐ நிறுவனம் முதலில் இசைந்தது. 2009 ஜனவரியில் மற்றப் பெரிய நிறுவனங்களும் உடன்பட்டன. அதன்பின் வாங்கிய பாட்டை எந்த மென்பொருளிலும் வைத்துக்கொள்ளலாம்.

2007: ஹாஷ் வந்தது

பாட்டின் பூட்டு தளர்ந்த அதே ஆண்டில் ஐடியூன்ஸ்டிபிக்குப் பூட்டு வந்தது. 2007 செப்டம்பரில் வெளியான ஐபாட் கிளாசிக், மூன்றாம் தலைமுறை நானோ ஆகியவற்றில் மாற்று மென்பொருளால் ஏற்றிய பாட்டுகள் தெரியவில்லை. பாட்டுகள் தட்டில் இருந்தன. ஐபாடோ ஒரு பாட்டுகூட இல்லை என்று காட்டியது.

காரணத்தைத் தேடியவர்கள், ஐடியூன்ஸ்டிபியின் தலைப்பில் ஹாஷ் எனப்படும் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். கோப்பின் உள்ளடக்கத்தையும், ஒவ்வொரு ஐபாடுக்கும் தனித்தனியாக இருக்கும் ஃபயர்வயர் அடையாள எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. அதைக் கணக்கிடத் தெரியாத மென்பொருள் எழுதிய கோப்பை ஐபாட் ஏற்பதில்லை. ஆர்வலர்கள் ஒன்றுகூடி உழைத்து, சில நாட்களுக்குள் கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். லிப்ஜிபாட் விரைவில் திருத்தப்பட்டது. ஆனால் பயனருக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்ந்தது. தன் ஐபாடின் அடையாள எண்ணைக் கண்டறிந்து சிஸ்இன்ஃபோ என்ற கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பின்னர் மென்பொருளே அதைச் செய்துகொண்டது.

அடுத்த ஆண்டு ஐபோன், ஐபாட் டச் ஆகியவற்றில் ஹாஷ் முறை மேலும் கடினமானது. அதைப் புரிந்துகொள்ளும் முயற்சி பற்றிய உரையாடல் புளூவிக்கி என்ற பொதுத் தளத்தில் நடந்தது. ஆப்பிளின் வழக்கறிஞர்கள் 2008 நவம்பரில் அந்தத் தளத்தை நடத்தியவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். நகல் தடுப்பை உடைப்பதைத் தடை செய்யும் டிஎம்சிஏ சட்டத்தை அவர்கள் சுட்டிக்காட்ட, பக்கங்கள் நீக்கப்பட்டன. எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு தளத்தின் சார்பில் 2009 ஏப்ரலில் வழக்குத் தொடர்ந்தது. ஒரு கருவியோடு இணங்கும் மென்பொருளை எழுதுவது பற்றிப் பேசுவதே குற்றமாகுமா என்பது அதன் கேள்வி. ஜூலையில் ஆப்பிள் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. வழக்கும் முடிவுக்கு வந்தது. நீதிமன்றத்தின் விடை கிடைக்கவில்லை என்றாலும், பக்கங்கள் திரும்ப வந்தன. ஹாஷ் பிறகும் நீங்கவில்லை. பிந்தைய சில மாடல்களில் ஒருமுறையாவது ஐடியூன்ஸால் ஒத்திசைத்த பிறகே மாற்று மென்பொருள் வேலை செய்தது. எல்லா மாடல்களுக்கும் முழு ஆதரவு கிடைக்கவும் இல்லை.

எதிர்த்திசையில் ஒரு முயற்சி

ஐபாடை வேறு மென்பொருளோடு இணைக்க முயன்றவர்கள் நடுவே, ஐடியூன்ஸை வேறு கருவியோடு இணைக்க முயன்ற நிறுவனமும் ஒன்று உண்டு. 2009 ஜூனில் வந்த பாம் பிரீ கைபேசி, யுஎஸ்பி இணைப்பில் தன்னை ஐபாட் என்று அறிவித்துக்கொண்டு ஐடியூன்ஸோடு ஒத்திசைந்தது. ஆப்பிளில் ஐபாடின் வன்பொருள் பணியை முன்னின்று நடத்திய ஜான் ரூபின்ஸ்டீன் அப்போது பாம் நிறுவனத்தின் தலைமைக்கு வந்திருந்தார். ஜூலையில் வந்த ஐடியூன்ஸ் 8.2.1 பிரீயைத் தடுத்தது. சில நாட்களில் பாம் தன் மென்பொருளைத் திருத்தியது. ஐடியூன்ஸின் அடுத்த பதிப்பு மீண்டும் தடுத்தது. யுஎஸ்பி தரநிலைகளைப் பேணும் அமைப்பிடம் பாம் முறையிட்டபோது, ஆப்பிளின் அடையாள எண்ணை பாம் பயன்படுத்தியதே விதிமீறல் என்று அந்த அமைப்பு கூறியது. தயாரிப்பாளரின் மென்பொருளை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சார்ந்திருக்கும் வழி நிலையற்றது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின.

உள்மென்பொருளையே மாற்றியவர்கள்

ஐபாடின் உள்ளே இயங்கும் மென்பொருளையே மாற்றிவிட்டால் ஐடியூன்ஸ்டிபிக்குத் தேவையே இல்லை. இந்த வழியில் ஐபாட்லினக்ஸ், ராக்பாக்ஸ் என்று இரு திட்டங்கள் வந்தன. ராக்பாக்ஸை 2001இல் சுவீடனைச் சேர்ந்த சிலர் ஆர்க்காஸ் கருவிக்காகத் தொடங்கினார்கள். பிறகு ஐரிவர், ஐபாட், சான்டிஸ்க் முதலிய பல கருவிகளுக்கு அது பரவியது.

ஐபாட்லினக்ஸ் வளர்ச்சியில் நான்காம் தலைமுறை ஐபாட் ஒரு தடையாக நின்றது. அதைத் தொடங்கிவைக்கும் நிரல் சில்லுக்குள் இருந்தது. வெளியே எடுத்துப் படிக்க வழி தெரியவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மாணவர் வியப்பூட்டும் வழி ஒன்றைக் கண்டார். ஐபாடின் சக்கரத்தைச் சுற்றும்போது டிக் டிக் என்று ஒலிக்கும் சிறு ஒலிப்பான் ஒன்று உள்ளே உண்டு. தொடக்க நிரலின் தரவை அந்த ஒலிப்பானின் வழியே ஒலிகளாக வெளியேற்றும்படி அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். வெளிச் சத்தம் புகாதபடி அடைத்த பெட்டிக்குள் ஐபாடையும் ஒலிவாங்கியையும் வைத்து, பல மணி நேரம் பதிவு செய்து, அந்த ஒலியை மீண்டும் தரவாக மாற்றினார். அதன்பிறகு நான்காம் தலைமுறை ஐபாடிலும் லினக்ஸ் இயங்கியது.

ராக்பாக்ஸ் நிறுவிய ஐபாடில் கோப்புறைகளை நேரடியாகத் திறந்து பாட்டைக் கேட்கலாம். ஃபிளாக், ஆக் உள்ளிட்ட பல வடிவங்களை அது பாடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விழாது. ஒலியை நுணுக்கமாகச் சீரமைக்கும் வசதியும் உண்டு. கணினியில் எந்தத் தனி மென்பொருளும் வேண்டாம். ஆனால் எல்லா ஐபாட்களிலும் இதை நிறுவ முடியவில்லை. இரண்டாம் தலைமுறை நானோ முதல் ஆப்பிள் உள்மென்பொருளைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியதால், அத்தகைய மாடல்களுக்கு ராக்பாக்ஸ் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

மற்ற நிறுவனங்களின் வழி

சோனி நிறுவனம் ஆப்பிளைவிடக் கட்டுப்பாடான பாதையில் சென்றது. அதன் நெட்வொர்க் வாக்மேன் கருவிகள் சோனியின் சொந்த அட்ராக்3 வடிவத்தையே பாடின. பாட்டை ஏற்ற ஓபன்எம்ஜி, பிறகு சோனிக்ஸ்டேஜ் என்ற மென்பொருள் வேண்டும். தொடக்ககால விதிப்படி ஒரு பாட்டை மூன்று முறைதான் கருவிக்கு அனுப்பலாம். நான்காவது முறை அனுப்ப, முன்பு அனுப்பியதை அதே கணினிக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். 2004இல் வந்த வன்தட்டு வாக்மேனும் எம்பி3ஐ நேரடியாகப் பாடாமல் வடிவம் மாற்றியே ஏற்றது. பயனர்களின் அதிருப்தியை உணர்ந்து சோனி பிறகு எம்பி3ஐ ஏற்றது; சில ஆண்டுகளில் இழுத்துப் போடும் முறைக்கே வந்தது.

மைக்ரோசாஃப்ட் 2004இல் எம்டிபி என்ற பொதுவான தொடர்பு முறையைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் கேமராக்களுக்கான முறையை விரிவாக்கி உருவாக்கப்பட்ட அது, 2008இல் யுஎஸ்பி அமைப்பின் தரநிலையானது. கிரியேட்டிவ், ஐரிவர், சாம்சங் கருவிகள் பல அதை ஏற்றன. நோமட் கருவிகளுக்காக எழுதிய லிப்என்ஜேபி நூலகத்தின் வழிவந்த லிப்எம்டிபி, லினக்ஸிலும் மேக்கிலும் இக்கருவிகளைப் பயன்படுத்த உதவியது. எம்டிபி வெளிப்படையான தரநிலை என்பதால் ஆண்ட்ராய்டு கைபேசிகள் வரை அது நீடித்தது. அதே மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் வெளியிட்ட சூன் பிளேயருக்கு மட்டும் தனி மென்பொருளும் தனி அடையாளச் சோதனையும் வைத்தது. சூன் நிலைக்கவில்லை.

ஐபாடுக்குப் பிறகு

ஐபாட் கிளாசிக் விற்பனை 2014 செப்டம்பரில் நின்றது. நானோவும் ஷஃபிளும் 2017 ஜூலையில் நின்றன. 2022 மே 10 அன்று ஐபாட் டச் நிறுத்தப்பட்டதாக ஆப்பிள் அறிவித்தது. மேக் கணினிகளில் ஐடியூன்ஸும் 2019இல் முடிவுக்கு வந்தது. இசைக்குத் தனி மென்பொருள் வந்தது, ஐபாட் ஒத்திசைவு மேக்கின் கோப்பு மேலாளரான ஃபைண்டருக்கு மாறியது. மாற்று மென்பொருள்களிலும் பல மறைந்தன. மோசில்லாவின் உலாவி நுட்பத்தின் மேல் எழுந்து, ஐடியூன்ஸுக்குத் திறமூல மாற்றாக வளரும் என்று எதிர்பார்க்கப்பட்ட சாங்பேர்ட் 2010இல் லினக்ஸ் ஆதரவைக் கைவிட்டது, 2013இல் மூடப்பட்டது. ஒரே நிரலாளரை நம்பியிருந்த சிறு நிரல்கள் பல புதிய கணினிகளில் இயங்காமல் போயின.

நிலைத்தவை எவை என்பதில் ஒரு தெளிவான ஒழுங்கு தெரிகிறது. மூலநிரல் திறந்திருந்து, பலர் கூடிப் பேணிய லிப்ஜிபாடும் ராக்பாக்ஸும் தயாரிப்பாளர் கருவியைக் கைவிட்ட பின்னும் பயன்பட்டன. பழைய ஐபாடின் வன்தட்டைக் கழற்றிவிட்டு நினைவக அட்டையைப் பொருத்தி, புதிய மின்கலம் போட்டு, மீண்டும் பயன்படுத்தும் ஆர்வலர்கள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய கருவிகளில் பாட்டை ஏற்றுவதில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு.

மாற்று மென்பொருளைத் தேர்வதில் பயனர்கள் பார்த்தவை இத்தனை ஆண்டுகளிலும் பெரிதாக மாறவில்லை. தன் கணினியில் இயங்குமா, தன்னுடைய ஐபாட் மாடலின் ஹாஷை எழுதத் தெரியுமா, பாட்டைத் திரும்ப எடுக்க விடுமா, தன்னிடம் உள்ள கோப்பு வடிவங்களை ஏற்குமா அல்லது மாற்றித் தருமா என்பவை முதல் கேள்விகள். அதை எழுதியவர் விலகினால் வேறு யாராவது தொடர்ந்து பேண முடியுமா என்பது பலர் தாமதமாகக் கேட்ட கேள்வி. கருவியின் ஆயுளை அதிகம் தீர்மானித்ததும் அதுவே. சாதாரண வெளித் தட்டாக இயங்கிய ஆர்க்காஸ் போன்ற கருவிகளுக்கு இந்தக் கேள்வி எதுவும் எழவில்லை. தரநிலையான எம்டிபி கருவிகளுக்கு எந்தக் கணினியிலும் வழி கிடைத்தது. அட்டவணையைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்ட ஐபாடுக்கோ, முன்பின் அறியாத பலர் ஊதியம் எதிர்பாராமல் அந்த அட்டவணையைப் படித்து எழுதிவைத்ததால்தான் இரண்டாம் வாழ்வு கிடைத்தது.